அடுப்பில்லாத டீ மாஸ்டர்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. காரிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் பாய வேண்டும், பாயாவிட்டால் அது தண்ணீரின் திமிர் என்பது அவர் கட்சி. இப்படி ஒரு மனிதரைக் காவிரி புறப்படும் இடத்திலிருந்து கடலில் சேரும் இடம் வரை தேடினாலும் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டாம். ஒருவரையே தாங்க முடியவில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் தபால்காரர் முதல் கோயில் பூசாரி வரை எல்லோருக்கும் அவர் டீ மாஸ்டர். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு டம்ளர் டீ போட்டது கிடையாது. பால் காய்ச்சச் சொன்னால் பாத்திரத்தையும் சேர்த்துக் காய்ச்சிவிடுவார் என்பதால், அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா அடுப்புப் பக்கமே விடுவதில்லை. இவர் போடுவது வேறு டீ. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய் பிரிந்து போகும் இடத்தில் மூன்று வாயோடு ஓர் இணைப்பு வைப்பார்களே, அந்த டீ.

பல வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுக்கு 'டிரிப்பு', அதாவது சொட்டு நீர்ப் பாசனம், போடுகிறேன் என்று இறங்கினார். வீட்டைச் சுற்றி இருந்தது ஒரு கொய்யா, ஒரு மாதுளை, அப்புறம் அக்கா பச்சை வலைக்கு அடியில் பிளாஸ்டிக் பைகளில் வளர்த்துச் சந்தையில் விற்கும் பப்பாளி, முருங்கை, எலுமிச்சைக் கன்றுகள். இவ்வளவுக்கும் நாலு டீ போதும். டீ மாஸ்டர் போட்டதைப் பார்த்தால், மேட்டூர் அணையிலிருந்து தனி வாய்க்கால் வாங்கி வந்துவிட்டார் போலத் தோன்றும்.

குழாய் திரும்ப வேண்டிய மூலையில் ஊர் உலகமெல்லாம் எல்போ போடும். முழங்கை மாதிரி வளைந்திருக்கும் சாதாரண இணைப்பு. டீ மாஸ்டருக்கு எல்போ என்றாலே ஆகாது. பள்ளிக்கூட டீச்சரான எனக்கே பாடம் எடுப்பார்.

"எல்போ போட்டா தண்ணி ஒரு பக்கந்தான் போவும் டீச்சர். டீ போட்டா ரெண்டு பக்கம் போவும். இன்னைக்கு வேணாம்னா ஒரு வாய மூடி வெச்சுக்கலாம். நாளைக்கு வேணும்னா? அப்ப எங்க போறது?"

எதிர்காலத்தை நினைத்து அவர் இப்படி மூடி வைத்த வாய்கள் வீட்டைச் சுற்றிலும் மூலைக்கு மூலை துருத்திக்கொண்டு நின்றன. இருட்டில் நடந்தால் முட்டியைப் பெயர்க்கும். "எதிர்காலத்துக்கு டீ போட்டாச்சு. இன்னைக்குத் தண்ணி எங்கங்க?" என்று அக்கா கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் டீ மாஸ்டரிடம் இணைப்பு கிடையாது.

அவர் சாமான் வாங்கப் போனால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் முகம் வாடிவிடும். ஒரு டீ வாங்க ஒரு கூடை டீயைக் கொட்டச் சொல்வார். ஒவ்வொன்றையும் கண்ணில் வைத்து வானத்தைப் பார்ப்பார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்பார். கடைசியில் இரண்டு வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூன்றாவது வாயில் உதட்டை வைத்து ஊதுவார். கண்டக்டர் விசில் ஊதிப் பழகிய நுரையீரல், கேட்க வேண்டுமா? எங்காவது காற்று கசிந்தால் அந்த டீ தோல்வி.

ஒருமுறை நானும் அந்தக் கடையில் இருந்தேன். இவர் ஊதிக்கொண்டே இருக்க, கடைக்காரர் பொறுக்க மாட்டாமல் சொன்னார்.

"அண்ணா, அது ஏற்கெனவே ஊதிப் பாத்ததுங்க."

"யாரு ஊதுனது?"

"நீங்கதாங்க. போன வாரம்."

"அப்ப என்ன சொன்னன்?"

"ஆவாதுன்னீங்க."

"இப்பவும் ஆவாது," என்று கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

இந்தப் பெயரால் ஒரு கல்யாணம் கெட இருந்தது. மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பெண் கல்யாணத்துக்கு டீ போட ஆள் தேடி வந்திருக்கிறார். காரிமங்கலத்தில் இறங்கி "நல்ல டீ மாஸ்டர் யாருங்க?" என்று விசாரித்தால், எங்கள் ஊர் ஆட்கள் நல்லவர்கள், நேராக இவர் வீட்டைக் காட்டிவிட்டார்கள். நான் அப்போது அக்காவிடம் முருங்கைக் கன்று வாங்க வந்து நின்றிருந்தேன்.

"டீ மாஸ்டருங்க நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. உக்காருங்க."

"பொண்ணு கல்யாணங்க. நானூறு டீ போடணும்."

டீ மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் இவ்வளவு கேட்டதில்லை.

"நானூறா! எத்தன ஏக்கருங்க?"

"ஏக்கரா எதுக்குங்க? மண்டபந்தாங்க. காலைல எரநூறு, சாயங்காலம் எரநூறு."

"ஓ, முறை வெச்சு வுடறீங்களா. அதுவும் நல்லதுதான். சைஸு என்ன? அரையா, முக்காலா, முழுசா?"

"முழுசாவே குடுத்துடலாங்க. கல்யாணத்துல போயி அரை டீ குடுத்தா சம்பந்தி வூட்ல என்ன நெனப்பாங்க?"

"அதுவும் சரிதாங்க. சாதாவா, மரை போட்டதா?"

வந்தவர் கொஞ்சம் விழித்தார். "இஞ்சி போட்டதுங்க."

"அதாங்க கேக்கறன். எத்தன இஞ்சு?"

அக்கா உள்ளேயிருந்து வந்து, "ஏங்க, அவரு கேக்கறது குடிக்கற டீங்க," என்று சொல்லும் வரை இது ஓடியது. வந்தவர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, பத்திரிகை ஒன்றைக் கொடுத்து, "ஆனா கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடுங்க," என்று அழைத்துவிட்டுப் போனார். அங்கேதான் அவர் தப்புச் செய்தார். டீ மாஸ்டர் கல்யாணத்துக்குப் போனார். மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் கடைசிக் குழாயில் தண்ணீர் மெல்ல வருவதைப் பார்த்தார். மடியில் எப்போதும் ஒரு டீ இருக்கும். இரண்டாவது பந்தி சாப்பிட்டு எழுந்தவர்கள் தண்ணீர் பாட்டிலில் கை கழுவினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளைக்கு மட்டும் சொம்பில் கொடுத்தார்களாம்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டும் நான் அவரை என் தோட்டத்துக்குள் விட்டேனே, அதற்குக் காரணம் வெயில். நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவருக்கு பெங்களூரில் வேலை, வார இறுதியில்தான் வருவார். காலையில் பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. மல்லி கருகியது, தக்காளி பூவோடு நின்றது. ஒரு பிளம்பரிடம் சொல்லி வைத்தேன். அவர் "நாளைக்கு வரேன் மேடம்" என்று சொன்ன நாளைக்கு இன்னும் வரவில்லை. டீ மாஸ்டர் சுற்றுச்சுவர் மேலே ஏறியே வந்துவிட்டார்.

எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரு இஞ்சுக் குழாயை ஒரு ரெடியூசர் போட்டு முக்கால் இஞ்சாகக் குறைக்க வேண்டும். திருப்பத்தில் ஒரு எல்போ. பிறகு குழாயில் துளை போட்டு ரப்பர் வளையம் செருகி, கறுப்பு டியூபை மாட்டினால் தீர்ந்தது. இதைச் சொன்னதும் டீ மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரெடியூசரா? தண்ணிய எதுக்குக் கொறைக்கணும் டீச்சர்? நாமென்ன கஞ்சமா?"

"பெரிய பைப்பும் சின்ன பைப்பும் வேற எப்படிண்ணா சேரும்?"

"உங்க அடுப்பக் கொஞ்சம் பத்த வைங்க."

சின்னக் குழாயின் வாயை என் கேஸ் அடுப்பில் வாட்டி, அது இளகி வளைந்ததும், இழுத்துப் பெரிதாக்கி, பெரிய குழாயின் மேல் செருகினார். வீடு முழுக்க பிளாஸ்டிக் புகை. அந்த வாரம் முழுவதும் தோசையில் அந்த வாசனை அடித்தது. செருகிய இடத்தில் பசை போடச் சொன்னேன். பதறிவிட்டார்.

"ஒட்டவே கூடாதுங்க டீச்சர். ஒட்டிட்டா நாளைக்குப் பிரிக்க முடியாது. பஸ்ஸுல ஏறுனவன சீட்டோட வெல்டிங்கா வெக்கறோம்? எறங்கணும்னா எறங்கணுமில்ல?"

பசைக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றினார். தண்ணீர் வடிகட்ட வாங்க வேண்டிய வடிகட்டிக்குப் பதில் அவருடைய வேட்டியில் ஒரு முழம். எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், சொட்டும் துளை அடைத்துக்கொள்ளும் என்றேன். இத்தனை வாய் வைத்தால் கடைசி வாய்க்குத் தண்ணீர் போக அழுத்தம் போதாது என்றேன். கரும்பலகை ஒன்றுதான் குறை, மற்றபடி பாடமே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அது புஸ்தகத்துத் தண்ணிங்க டீச்சர். இது காரிமங்கலத்துத் தண்ணி."

காரிமங்கலத்துத் தண்ணீர் மறுநாள் காலையில் தன் குணத்தைக் காட்டியது. பள்ளிக்குப் புறப்பட்டு, கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு, போகிற போக்கில் வால்வைத் திறந்தேன். சைக்கிள் டியூப் ஒரு நொடி உப்பியது. பிறகு நான் குளித்தேன். உடை மாற்ற நேரமில்லை, பஸ் போய்விடும். தலையிலிருந்து தண்ணீர் சொட்டப் பள்ளிக்குள் நுழைந்தேன். வெளியே எரிக்கிற வெயில். தலைமை ஆசிரியர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"டீச்சர், உங்க பக்கம் மழையா?"

பாவம், அவருக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். "பைப் வெடிச்சிடுச்சு சார்" என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து சுவர் ஓரமாக நின்று கத்தினேன். டீ மாஸ்டர் கத்தலை எல்லாம் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா, எவ்ளோ போர்ஸு!" என்றார். வேகம் அதிகமாக இருப்பதால் அதைப் பிரித்துவிட இன்னொரு டீ வேண்டும் என்பது அவருடைய முடிவு. அந்த டீயிலிருந்து புறப்பட்ட குழாய் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய், அங்கிருந்த குழாயோடு சேர்ந்துகொண்டது. "ரெண்டு வூட்டு லைனையும் ஒண்ணாக்கிட்டன். ஒரு தொட்டி தீந்தா இன்னொரு தொட்டி," என்று கையைத் தட்டிக்கொண்டார். அப்புறம் ஒரு தொட்டி தீர்ந்தால் இன்னொரு தொட்டியும் தீர்ந்தது. அதுதான் கண்ட பலன். பெங்களூருக்குப் போன் செய்து புலம்பினேன். "வயசானவரு, எதாவது பண்ணிட்டுப் போறாரு வுடு," என்றார் என் கணவர். வாரத்தில் ஐந்து நாள் நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்குப் பெருந்தன்மை சுலபமாக வரும்.

சித்திரை பிறந்ததும் ஓசூரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம் என்று சின்னப்பொண்ணு அக்கா கிளம்பினார். கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டு வலைக்கு அடியில் நிற்கும் கன்றுகளைக் காட்டினார். தீர்த்தமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் அத்தனை பப்பாளிக் கன்றுகளையும் சொல்லி வைத்திருந்தார். நிலத்தை உழுது குழியும் எடுத்துவிட்டாராம். சந்தையில் அக்காவின் கன்று என்றால் புரட்டிப் பார்க்காமல் வாங்குவார்கள். ஒருமுறை வாடிய கன்றைக் கொடுத்துவிட்டால் அந்தப் பெயர் போய்விடும்.

"டீச்சர், கன்னுங்க உங்க பொறுப்பு. அந்த மனுசனும் உங்க பொறுப்பு. ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்னா, கன்னுங்களக் காப்பாத்துங்க."

"அதெல்லாம் டிரிப்பு பாத்துக்கும். நீ பஸ்ஸ வுட்டுடாத," என்றார் டீ மாஸ்டர்.

அக்கா அவரையும் குழாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்துக்குள் கடைசி இரண்டு வரிசைக் கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. பப்பாளிக் கன்று கொஞ்சமும் வறட்சி தாங்காது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மல்லியும் அதே கதி, அதுவும் அந்தக் குழாயின் கோடியில்தான் இருக்கிறது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"கடைசி வரிசைக்குத் தண்ணி வரலீங்கண்ணா."

"வருதுங்க டீச்சர். மெதுவா வருது. டவுன் பஸ்ஸு மாதிரி, எல்லா ஸ்டாப்பிங்கும் நின்னு வருது."

"கன்னு செத்துடுங்கண்ணா. நான் ஹோஸ் வெச்சுப் புடிச்சு வுட்டுடறேன்."

"ஹோஸா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் ஏதோ கள்ளச்சாராயம் காய்ச்சலாமா என்று கேட்டது போல இருந்தது அந்தப் பார்வை. "ரெண்டு நாளு பொறுங்க. அட்ஜஸ்ட் பண்ணிடறன்."

அன்று முழுவதும் ஸ்பேனரோடு குழாய் ஓரமாகத் தவழ்ந்தார். எதைக் கழற்றினார், எதை மாட்டினார் என்று தெரியாது. ஆனால் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கன்றுகள் நிமிர்ந்துவிட்டன. பை மண் ஈரமாக இருந்தது. என் மல்லி புதுத் துளிர் விட்டிருந்தது. ஒவ்வொரு கறுப்பு டியூப் நுனியிலும் ஒரு சொட்டு தொங்கியது. டீ மாஸ்டர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன சொல்லுது உங்க புஸ்தகம்?"

ராத்திரி ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்து அழுத்தம் பற்றிய பாடத்தை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்றுகூடத் தோன்றிவிட்டது. அந்த மனிதர் ஒருவரை அந்த அளவுக்குக் கொண்டுபோவார்.

அப்புறம் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை. என் மாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன், அண்டாவைப் போல் ஒலித்தது. அவர் தொட்டியும் காலிதான். ஆனால் மறுநாள் காலையில் கன்றுகளைப் பார்க்கப் போனால் மண் ஈரம். டியூப் நுனியில் சொட்டு. தொட்டியில் இல்லாத தண்ணீர் குழாயில் வருகிறது! காரிமங்கலத்துத் தண்ணீராகவே இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

அதற்கு அடுத்த நாள் பொழுது புலரும்போதே எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகல். எட்டிப் பார்த்தேன். டீ மாஸ்டர். லுங்கியை மடித்துக் கட்டி, இடுப்பில் ஒரு எவர்சில்வர் குடம். தெருமுனை அடிபம்பிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். ஒவ்வொரு பையாகக் குனிந்து டம்ளரால் ஊற்றினார். ஊற்றி முடித்ததும் விரலைத் தண்ணீரில் நனைத்து, கறுப்பு டியூபின் நுனியில் ஒரு சொட்டு வைத்தார். அது சரியாகத் தொங்குகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். விழுந்துவிட்டால் இன்னொரு சொட்டு வைத்தார். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு, என் மல்லிக்கு ஊற்றுவதற்காகச் சுவர் மேல் ஒரு காலைப் போட்டார். தலையை நிமிர்த்தினால் எதிரே நான்.

"என்னண்ணா இது?"

"டெஸ்டிங், டீச்சர்."

"கொடத்துலயா?"

"பிரஷர் செக் பண்றன்."

இதைச் சொல்லும்போதே மற்றக் கால் வழுக்கியது. அவர் எங்கள் பக்கம் விழுந்தார். குடம் அவர் பக்கம் விழுந்தது. குடத்துக்கு வயிற்றில் ஒரு பள்ளம், அவருக்குக் கணுக்காலில் ஒரு வீக்கம். விழுந்த இடம் மல்லிப் பாத்தி என்பதால் அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. மல்லி பிழைத்தது அதிசயம்.

கைத்தாங்கலாகப் பிடித்து அவர் வீட்டுக்குள் உட்கார வைத்தேன். வலியில் முகம் சுண்டியிருந்தது. ஆனாலும் முதலில் கேட்டது இதுதான்:

"அவகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்."

"சொன்னா என்னங்கண்ணா? அக்கா திட்டுவாங்களா?"

"திட்டுனாப் பரவால்லியே. 'எனக்குத் தெரியுங்க'ன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு அது பாட்டுக்கு வேலையப் பாக்கப் போயிடும்."

"இத்தன நாளா தெனமும் கொடத்துலயா ஊத்துனீங்க?"

தலையை ஆட்டினார். காலைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நா பஸ் லைன்ல இருந்தப்ப நாலு நாளைக்கு ஒரு தரந்தான் வூடு வருவன். வூட்டு வேல அல்லாம் அதுதான். கொழந்தய ஒரு இடுப்புல, கொடத்த ஒரு இடுப்புல. இப்ப டாக்டரு இடுப்புல தேய்மானம்னு சொல்றாரு. ரிட்டையர் ஆனா அது ஒரு கொடந்தண்ணி தூக்கக்கூடாதுன்னு நெனச்சன். அதுக்குத்தான் இந்த பைப்பெல்லாம். தண்ணி வந்தாத்தான..."

நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

"சரி, என் மல்லிக்கு எதுக்கு ஊத்துனீங்க? நான் பாத்துக்க மாட்டனா?"

"ஒரே லைனுதானுங்க. முன்னாடி சீட்டுக்காரனக் கொண்டுபோயிச் சேத்துட்டு, பின்னாடி சீட்டுக்காரன நடுவழில எறக்கி வுட முடியுமா?"

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கட்டுப் போட்டுக் கூட்டி வந்தேன். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான். அதன் பிறகு குடம் என் இடுப்புக்கு வந்தது. கோடை விடுமுறையில் டீச்சர்கள் மலைப்பிரதேசம் போவார்கள் என்று சொல்கிறார்கள். நான் அடிபம்புக்குப் போனேன். அவர் நாற்காலியை வலைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த ஓரத்துல ஒண்ணு வுட்டுட்டீங்க பாருங்க, இன்னும் ஒரு டம்ளரு," என்று நடத்தினார். மின்சாரம் வந்ததும் நான் கேட்காமலே ஹோஸ் பைப்பை இழுத்து வந்து பிடித்தேன். அவர் அந்த நேரம் மட்டும் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். விவசாயி வண்டியோடு வந்தபோது ஒரு கன்றும் வாடியிருக்கவில்லை. "அக்கா இல்லாமயே இப்படி வெச்சிருக்கீங்களே!" என்று ஆச்சரியப்பட்டு ஏற்றிக்கொண்டு போனார். டீ மாஸ்டர் வாய் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். அவர் தன் சொந்த வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு அக்கா வந்து இறங்கினார். பையை வைத்த கையோடு வலைக்கு அடியில் போய்ப் பார்த்தார். மிச்சமிருந்த முருங்கையும் எலுமிச்சையும் பச்சைப் பசேலென்று நின்றன. குனிந்து ஒரு பையின் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"டிரிப்பு ஓடுச்சுங்களா டீச்சர்?"

டீ மாஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவு பார்க்க வரும் பிள்ளைகள் அப்படித்தான் நிற்கும்.

"ஓடுச்சுங்கக்கா," என்றேன். "கடைசிக் கன்னு வரைக்கும் ஓடுச்சு."

அக்கா வாசல் ஓரம் நசுங்கிக் கிடந்த குடத்தைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஓடித்தான் இருக்கும். மோட்டாருக்குக் காலு வீங்கிக் கெடக்குதே," என்றார். "இருங்க, சுடுதண்ணி வெச்சுக் கொண்டாரன்."

அவர் உள்ளே போனதும் டீ மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், இப்பத்தான் புரியுது. அந்தக் கடைசி வரிசைக்கு முன்னால இன்னும் ஒரே ஒரு டீ போட்டிருந்தன்னு வைங்க, தண்ணி பிச்சுக்கினு போயிருக்கும்."

அழுத்தம், உயரம், அடைப்பு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"போடுங்கண்ணா," என்றேன். "எங்க வூட்டுப் பக்கமா ஒண்ணு சேத்துப் போடுங்க."